காற்றுவாக்கில் ஓர் ஊர்

ஹிரோஷிமாவில் இன்று 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியிருக்கிறார்கள். டிராம் ஓடுகிறது, பேஸ்பால் பருவத்தில் மைதானம் நிரம்பி வழிகிறது, விரிகுடாவில் சிப்பி வளர்த்து நாடு முழுவதும் அனுப்புகிறார்கள். உக்ரைனின் பிரிப்யாத்தில் ஒரு குடும்பம்கூட இல்லை. செர்னோபில் அணு உலைப் பணியாளர்களுக்காகக் கட்டப்பட்ட அந்த ஊரிலிருந்து 1986 ஏப்ரல் 27 பிற்பகலில் ஏறத்தாழ 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்போது அங்கே தெருவெல்லாம் மரம் வளர்ந்து நிற்கிறது. அணுகுண்டு வெடித்த ஊரில் மனிதர்கள் வாழ்கிறார்கள். குண்டே வெடிக்காத ஊரில் வாழ முடியவில்லை. இது எப்படி?

இந்தப் புதிரை அவிழ்த்தால் நமக்கு இன்னும் நெருக்கமான வேறொரு கேள்விக்கும் விடை கிடைக்கும். அணு ஆயுதப் போர் என்று வந்தால் குறி பெருநகரங்களும் ராணுவத் தளங்களும்தான். அவற்றிலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிற்றூர் என்ன ஆகும்? அடிவானத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. வெகுநேரம் கழித்து எங்கோ இடி உருளும் சத்தம். வீடு, கடைத்தெரு, பள்ளிக்கூடம் எல்லாம் போட்டது போட்டபடி இருக்கின்றன. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அந்த ஊர் பிழைக்குமா?

இதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஏறக்குறைய அப்படியே நடந்த ஊர்கள் இருக்கின்றன.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செம்பாறைக் குன்றுகளுக்கு நடுவே, மார்மன் குடியேறிகள் 1861இல் அமைத்த ஊர் செயின்ட் ஜார்ஜ். 1950களின் தொடக்கத்தில் அங்கே ஐயாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாக இருந்தார்கள். மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் நெவாடா அணுச் சோதனைத் திடல். 1953 மே 19 அன்று விடிகாலை 5 மணி 5 நிமிடத்துக்கு அங்கே 90 மீட்டர் உயர இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஒரு குண்டை வெடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘ஹாரி’. வலு 32 கிலோ டன், அதாவது ஹிரோஷிமா குண்டைப்போல் இரண்டு மடங்கு. காற்று கிழக்கு நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணிவாக்கில் மேகம் ஊரை எட்டியது. வானொலியில் அறிவிப்பு வந்தது: எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள். மதியம்வரை உள்ளே இருந்தார்கள். நெடுஞ்சாலையில் கார்களை மறித்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி அனுப்பினார்கள். மதியத்துக்குப் பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த மூன்று மணி நேரம் போதுமா, அதிகமா, குறைவா என்று சொல்ல முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். குண்டு வெடிக்கும் கணத்தில் பாயும் கதிர்வீச்சு வேறு. பிறகு காற்றில் வந்து படியும் தூசு வேறு. முன்னது ஒளியைப்போலப் பாய்ந்து, காற்றிலேயே உறிஞ்சப்பட்டு, சில கிலோமீட்டருக்குள் ஓய்ந்துவிடும். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அதனால் எந்தத் தீங்கும் இல்லை. செயின்ட் ஜார்ஜுக்கு வந்தது இரண்டாவது வகை. இதைக் கதிர்த்தூசு என்று சொல்லலாம்.

கதிர்த்தூசு எப்படி உண்டாகிறது? யுரேனியம் அணு பிளக்கும்போது இரண்டு துண்டுகளாக உடைகிறது. எப்போதும் ஒரே இரண்டு துண்டுகள் அல்ல. அயோடின், சீசியம், ஸ்டிரான்சியம், பேரியம், செனான் என்று பல தனிமங்களின் நூற்றுக்கணக்கான நிலையற்ற வடிவங்கள் கிடைக்கும். இந்தத் துண்டுகளைப் பிளவுப் பொருள்கள் என்பார்கள். வெடித்த கணத்தில் எல்லாம் ஆவி. தீக்கோளம் தரையைத் தொட்டால் மண்ணையும் பாறையையும் உறிஞ்சி மேலே இழுத்துப்போகும். மேகம் குளிரும்போது ஆவியாக இருந்த பிளவுப் பொருள்கள் அந்த மண் துகள்கள்மேல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். துகள் மணலளவு இருப்பதால் சில மணி நேரத்தில், காற்றடிக்கும் திசையில், தரைக்கு இறங்கிவிடும். ஹாரியின் தீக்கோளம் கோபுரத்தையும் அடியிலிருந்த மண்ணையும் ஆவியாக்கியது. அதுதான் ஒன்பது மணிக்கு ஊருக்குள் வந்தது.

ஹிரோஷிமாவில் குண்டு வெடித்தது ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில். தீக்கோளம் தரையைத் தொடவில்லை. மண் சேரவில்லை. பிளவுப் பொருள்கள் புகையைவிட நுண்ணிய துகளாகவே மேலே போய், உலகெங்கும் பரவி, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் மெல்ல இறங்கின. அதற்குள் அவற்றின் வீரியம் பெரும்பகுதி அடங்கிவிட்டது. நகரத்தின் மேற்குப் பகுதியில் கருமழை பெய்து கொஞ்சத்தை இறக்கியது உண்மை. நியூட்ரான்கள் பட்டு மண்ணிலிருந்த சோடியமும் மாங்கனீசும் சில நாள் கதிரியக்கம் கொண்டிருந்ததும் உண்மை. ஆனால் நகரத்தை நிரந்தரமாகக் கைவிடும் அளவுக்கு எதுவும் தரையில் தங்கவில்லை. இதைச் சொல்வதால் ஹிரோஷிமாவில் நடந்ததைச் சிறிதாக்குவதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். வெப்பமும் அதிர்ச்சி அலையும் முதல் கதிர்வீச்சும் அவர்களைக் கொன்றன.

இப்போது புதிரின் மையத்துக்கு வருவோம்: கதிர்த்தூசின் வீரியம் ஏன் அடங்குகிறது, எவ்வளவு வேகமாக?

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்ததும் கிளம்புகிறவர்கள் பெருங்கூட்டம். சாயங்கால ரயிலுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர். மறுவீடுவரை இருக்கும் பங்காளிகள் சிலர். வந்ததே வந்தோம் என்று மாதக்கணக்கில் தங்கிவிடும் ஒரு பெரியப்பா எந்த வீட்டிலும் உண்டு. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிடுங்கள். வாசலில் நின்று, மணிக்கு எத்தனை பேர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போகிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் வாசலில் நெரிசல் தாங்காது. மாலையில் அங்கொருவர் இங்கொருவர். மறுநாள் விரல் விட்டு எண்ணலாம்.

கதிரியக்க அணு கதிரை வீசுவது அந்த வாசலைத் தாண்டும் கணத்தில் மட்டும்தான். உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை. ஒவ்வொரு வகை அணுவுக்கும் அரை ஆயுள் என்று ஒன்று உண்டு. இருப்பதில் பாதி வெளியேற ஆகும் காலம் அது. சில பிளவுப் பொருள்களுக்கு நொடிகள், சிலவற்றுக்கு மணிகள், அயோடின் 131க்கு 8 நாள், சீசியம் 137க்கு 30 ஆண்டு. அரை ஆயுள் குறைவாக இருந்தால் நெரிசல் அதிகம், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அரை ஆயுள் நீண்டதென்றால் வெகுகாலம் நீடிக்கும், ஆனால் நாளொன்றுக்கு வெளியேறுவது கொஞ்சம். கதிரியக்கம் ஆயிரமாயிரம் ஆண்டு நீடிக்கும் என்பதையே அதன் பயங்கரத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். ஒரே எண்ணிக்கையில் அணுக்கள் இருந்தால் நிலைமை கிட்டத்தட்ட நேர்மாறு. அவசரக்காரர்கள்தான் ஆபத்தானவர்கள்.

குண்டின் தூசில் எல்லா வகை விருந்தாளிகளும் ஒரே நொடியில் பிறக்கிறார்கள். அதனால் மொத்தக் கதிர்வீச்சும் அந்த வாசல்போலவே குறைகிறது. சோதனைகளில் அளந்து பார்த்துக் கண்ட கணக்கு மனத்தில் நிற்கும்படி எளிதானது: வெடித்ததிலிருந்து கடந்த நேரம் ஏழு மடங்கானால், வீரியம் பத்தில் ஒன்றாகும். ஒரு மணி நேரத்தில் 1,000 என்று இருந்தது ஏழாவது மணியில் 100. ஏறக்குறைய இரண்டாம் நாள் முடிவில் 10. இரண்டு வாரத்தில் 1. இதை ஏழு-பத்து விதி என்கிறார்கள். ஆறு மாதம்வரை தோராயமாகச் சரியாக இருக்கும்.

இங்கேயே பிரிப்யாத்தின் புதிரும் அவிழ்ந்துவிடுகிறது. அணு உலை இரண்டு, மூன்று ஆண்டு தொடர்ந்து ஓடுகிறது. விருந்தாளிகள் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும் வீடு அது. அவசரக்காரர்கள் வந்த வேகத்தில் போய்விடுவார்கள். பெரியப்பாக்கள் மட்டும் சேர்ந்துகொண்டே போவார்கள். செர்னோபில் நான்காம் உலையில் சுமார் 190 டன் எரிபொருள் இருந்தது. ஹிரோஷிமா குண்டில் இருந்தது 64 கிலோ யுரேனியம். அதிலும் ஒரு கிலோவுக்குக் குறைவாகத்தான் பிளந்தது. உலை உடைந்தபோது வெளியே சிந்தியதில் நீண்ட ஆயுள் கொண்ட சீசியமும் ஸ்டிரான்சியமும் ஏராளம். அதனால்தான் நாற்பது ஆண்டு ஆகியும் அங்கே குடியேற முடியவில்லை.

சிற்றூருக்குத் திரும்புவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொலைவில் குண்டு தரைமட்டத்தில் வெடித்து நான்கு மணி நேரத்தில் தூசு வந்து இறங்குகிறது. உடல் உறிஞ்சும் கதிர்வீச்சை கிரே என்ற அலகில் அளப்பார்கள். குறுகிய நேரத்தில் உடல் முழுவதும் 4 கிரே பட்டால், மருத்துவம் கிடைக்காதபோது, ஏறத்தாழ பாதிப் பேர் சில வாரங்களில் இறப்பார்கள். நம் ஊரில் தூசு இறங்கியபோது திறந்த வெளியில் மணிக்கு அரை கிரே என்று வைத்துக்கொள்வோம். மிகக் கடுமையான அளவுதான்.

அங்கே ஒருவர் வெளியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 3 கிரேக்கு மேல் வாங்கிவிடுவார். உயிர் ஊசலாடும். ஆனால் 24 மணி நேரம் ஆனபோது வெடித்து 28 மணி ஆகியிருக்கும். நான்கின் ஏழு மடங்கு. வெளியிலேயே வீரியம் பத்தில் ஒன்றாகிவிட்டது. எட்டு நாள் ஆனால் நூறில் ஒன்று. கூட்டிப் பார்த்தால், ஓர் ஆண்டு முழுவதும் அங்கே வெளியில் நின்றால் உடல் வாங்கக்கூடிய மொத்தக் கதிர்வீச்சில் ஏறத்தாழ பாதி முதல் இரண்டே நாளில் வந்துவிடுகிறது. இது பயங்கரமான செய்தி என்று தோன்றலாம். ஊருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. பாதி ஆபத்து இரண்டு நாளுக்குள் அடங்கியிருப்பதால், அந்த இரண்டு நாளை எப்படியாவது கடத்திவிட்டால் மிக மோசமான கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

கடத்துவதற்கு என்ன வேண்டும்? சுவரும் தூரமும். தூசு கூரைமேலும் தெருவிலும் கிடக்கிறது. அதிலிருந்து வரும் காமா கதிரை எந்தப் பொருளும் முழுக்க நிறுத்தாது, குறைக்கும். ஆறு சென்டிமீட்டர் கான்கிரீட் பாதியாக்கும். இறுகிய மண் என்றால் சுமார் ஒன்பது சென்டிமீட்டர். இன்னொரு ஆறு சென்டிமீட்டர் சேர்த்தால் பாதியில் பாதி. மரப்பலகை வீட்டுக்குள் இருந்தால் வெளியில் இருப்பதில் மூன்றில் ஒன்று அல்லது பாதி. வீட்டு நிலவறையில் பத்தில் ஒன்று. பெரிய கான்கிரீட் கட்டடத்தின் நடுத்தளத்தில், நட்டநடு அறையில் நூறில் ஒன்றுக்கும் கீழே. நம் கணக்கின்படி முதல் நாளில் வெளியில் நின்றவருக்கு 3 கிரே; நிலவறையில் இருந்தவருக்கு 0.3, அவருக்கு வாந்திகூட வராது. காரீயக் கவசமோ சிறப்பு உடையோ கேட்கவில்லை. கூரைக்கும் வெளிச்சுவருக்கும் எட்டத்தில், உள்ளறையில் உட்கார்ந்திருப்பதுதான் மொத்தப் பாதுகாப்பும்.

சுவரின் வலிமைக்கு ஹிரோஷிமாவிலேயே ஒரு சாட்சி உண்டு. எய்சோ நொமுரா அப்போது 47 வயது ஊழியர். காகிதம் எடுக்க அலுவலகத்தின் நிலவறைக்கு இறங்கியிருந்தார். மையத்திலிருந்து 170 மீட்டர் தூரம். அந்தக் கட்டடத்தில் இருந்த மற்ற எல்லோரும் இறந்தார்கள். நொமுரா 1982வரை வாழ்ந்தார். கட்டடம் இன்றும் அமைதிப் பூங்காவில் நிற்கிறது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அழகான வழிகளில் அல்ல. கதிர்த்தூசு வெகுதூரம் போகும் என்பதற்கு முதல் தடயங்களுள் ஒன்று ஒரு புகைப்படச் சுருள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. 1945இல் கோடாக் நிறுவனத்தின் எக்ஸ்ரே படச்சுருள்களில் விளக்கமில்லாத கரும்புள்ளிகள். ஜூலியன் வெப் என்ற இயற்பியலாளர் ஆராய்ந்தார். கோளாறு சுருளில் இல்லை. சுருளைப் பொதிந்த வைக்கோல் அட்டையில் இருந்தது. அட்டை இண்டியானாவின் வின்சென்ஸ் ஊரில், ஆற்று நீரைக் கொண்டு தயாரானது. அதிலிருந்த கதிரியக்கப் பொருள் சீரியம் 141 என்று அரை ஆயுளை வைத்தே கண்டுபிடித்தார். 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால், நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஜூலை 16 அன்று ரகசியமாக வெடித்த முதல் குண்டின் பிளவுப் பொருள் அது. அவர் அதை வெளியிட்டது 1949இல்தான்.

பெரிய பாடம் பசிபிக் தீவுகளில் கிடைத்தது. 1954 மார்ச் 1 அன்று பிக்கினி பவளத்திட்டில் ‘பிராவோ’ ஹைட்ரஜன் குண்டை வெடித்தார்கள். 6 மெகா டன் எதிர்பார்த்தார்கள், 15 வந்தது. குண்டின் எரிபொருளில் சும்மா இருக்கும் என்று நினைத்த லித்தியம் 7 சும்மா இருக்கவில்லை. பவளப்பாறை ஆவியாகி, சுண்ணாம்புத் தூளாகக் கிழக்கே மிதந்து போனது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ரோங்கெலாப் தீவில் 64 பேர். வெள்ளையாக ஏதோ வானத்திலிருந்து விழுந்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. இரண்டு நாளுக்கு மேல் கழித்துத்தான் கப்பல் வந்து ஏற்றிப் போனது. ஏழு-பத்து விதிப்படி, எந்த இரண்டு நாளை உள்ளே இருந்து கடத்தியிருக்க வேண்டுமோ அதே இரண்டு நாள்.

இன்னும் கிழக்கே ரோங்கெரிக் தீவில் 28 அமெரிக்க வானிலைப் பணியாளர்கள் இருந்தார்கள். தூசு அங்கேயும் விழுந்தது. அவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. கூடுதல் உடையைப் போட்டுக்கொண்டு, வேலை விட்ட நேரமெல்லாம் அலுமினியக் கொட்டகைக்குள் இருந்தார்கள். ஒரு நாள் முன்னதாகவே அவர்களை அகற்றினார்கள். ரோங்கெலாப் மக்களுக்குப் பட்டது 2 கிரேக்குச் சற்றுக் குறைவு. இவர்களுக்கு அதில் பாதிக்கும் கீழே. தூரமும் ஒரு காரணம் என்பதால் முழுப் பெருமையையும் கொட்டகைக்குக் கொடுக்க முடியாது. தோலைப் பார்த்தால் சந்தேகம் இருக்காது: ரோங்கெலாப்பில் பெரும்பாலோருக்குத் தோல் வெந்தது, முடி உதிர்ந்தது. அந்தப் புண்களும் உடை மூடாத இடங்களில்தான் வந்தன. ஒரு சட்டைத் துணி அந்த அளவுக்குத் தடுத்தது. ஒரே தூசு, தெரிந்தவர்களுக்கு ஒரு விளைவு, தெரியாதவர்களுக்கு வேறு.

அதே தூசு ‘ஐந்தாம் ஃபுகுர்யு மாரு’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் 23 பேர் மேலும் விழுந்தது. படகு யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியதும் ஜப்பானிய வேதியியலாளர்கள் சாம்பலைச் சோதித்தார்கள். அதில் யுரேனியம் 237 இருந்தது. அதை ஏற்கெனவே 1940இல் கண்டறிந்தவர்களுள் ஒருவரான கென்ஜிரோ கிமுராவின் கையில்தான் சாம்பல் வந்து சேர்ந்தது. மிக வேகமான நியூட்ரான் சாதாரண யுரேனியத்தை மோதினால் மட்டுமே அது அவ்வளவு உண்டாகும். குண்டின் கடைசிக் கட்டம் யுரேனியத்தைப் பிளப்பதுதான் என்ற ராணுவ ரகசியத்தை, அந்தச் சாம்பலிலிருந்தே ஜோசப் ராட்பிளாட் என்ற இயற்பியலாளர் ஊகித்துச் சொன்னார். பிராவோ சோதனைக்குப் பிறகுதான் 1954 ஏப்ரல் 2 அன்று நேரு, சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கோரினார். அவர் கேட்டுக்கொண்டபடி இயற்பியலாளர் டி. எஸ். கோத்தாரி தயாரித்த அணு வெடிப்புகளின் விளைவுகள் பற்றிய நூலை இந்திய அரசு 1956இல் வெளியிட்டது. அந்தக் காலத்தில் ஓர் அரசு தன் மக்களுக்கு இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அரிது.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து தாக்கும் கதிர். சுவர் அதைத் தடுக்கும். வாய்வழியே உள்ளே போனால் சுவர் என்ன செய்யும்? செயின்ட் ஜார்ஜில் சறுக்கிய இடம் இதுதான். தூசிலிருந்த அயோடின் 131 புல்லில் படிந்தது. பசு நாளெல்லாம் ஏராளமான பரப்பிலுள்ள புல்லை மேய்ந்து அதை ஒன்றாகத் திரட்டிப் பாலில் இறக்கியது. பாலைக் குழந்தை குடித்தது. தொண்டையிலிருக்கும் தைராய்டு சுரப்பி எந்த அயோடினைப் பார்த்தாலும் விடாது. குழந்தையின் சுரப்பி சின்னது. ஆகவே அதே அளவு அயோடின் அங்கே பல மடங்கு அடர்ந்து தாக்கும். ரோங்கெலாப்பில் முதல் தைராய்டுக் கட்டி 1963இல் தெரிந்தது. தூசு விழுந்தபோது சிறு குழந்தைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் சுரப்பி கெட்டது.

தவிர்ப்பது கடினமா? அரை ஆயுள் 8 நாள்தான். மாட்டைக் கொட்டிலில் கட்டிப் பழைய வைக்கோல் போடலாம். அல்லது பாலைப் பாலாடைக்கட்டியாக்கி இரண்டு, மூன்று மாதம் வைத்துச் சாப்பிடலாம். எதுவும் முடியாவிட்டால் கொட்டிவிடலாம். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பற்றியபோது 500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதியின் பாலைக் கீழே கொட்டினார்கள். யூட்டாவில் 1953இல் அப்படி எதுவும் செய்யவில்லை. 1997இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மாவட்டம் மாவட்டமாகக் கணக்கிட்டு வெளியிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது: தைராய்டுக்கு மிகுதியாகப் பட்ட இடங்களுள் சில பக்கத்து யூட்டாவைத் தாண்டி மொன்டானாவிலும் ஐடஹோவிலும் இருந்தன. மேகம் அங்கே போனபோது மழை பெய்திருக்கிறது.

இத்தகைய பாதிப்பை நிறுவுவதில் ஒரு சிக்கல் உண்டு. கதிர்வீச்சால் வந்த புற்றுநோய் அதற்கென்று தனி அடையாளம் எதையும் விட்டுச் செல்வதில்லை. 1954இல் செயின்ட் ஜார்ஜ் அருகே ஜான் வெய்ன் நடித்த ஒரு படம் எடுத்தார்கள். அதில் பணியாற்றிய 220 பேரில் 91 பேருக்குப் புற்றுநோய் வந்ததாக 1980இல் ஒரு பத்திரிகை எழுதியது; இன்றும் அதை மேற்கோள் காட்டாதவர் இல்லை. கேட்டதும் திக்கென்கிறது. ஆனால் அமெரிக்கர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் வரத்தான் செய்கிறது. வெய்னோ ஓயாமல் புகைத்தவர். ஆக அந்த எண் எதையும் நிறுவவில்லை. 1979இல் ஜோசப் லயன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறு வகை: தூசு அதிகம் விழுந்த யூட்டா மாவட்டங்களின் குழந்தைகளை, சோதனைகளுக்கு முன்பும் பின்பும் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். சோதனைக் காலத்துக் குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் இறப்பு கூடியிருந்தது. விவாதங்கள் உண்டு என்றாலும் இதைச் சான்று என்று சொல்லலாம்.

ஆடுகளின் கதை இன்னும் கசப்பானது. 1953 வசந்தத்தில் நெவாடா மேய்ச்சல் நிலத்திலிருந்து யூட்டாவின் சீடர் சிட்டி பக்கம் ஓட்டி வந்த மந்தைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை செத்தன. இடையர்கள் வழக்குப் போட்டார்கள். 1956இல் தோற்றார்கள். 1982இல் அதே நீதிபதி, அரசுத் தரப்பு தன்னை ஏமாற்றிவிட்டது என்று தீர்ப்பை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, காற்றுவாக்கில் இருந்தவர்களிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டது. குறிப்பிட்ட புற்றுநோய் வந்தவர்களுக்கு 50,000 டாலர் கொடுத்தது.

ஒரே ஒரு குண்டு, சுற்றிலும் நலமாக இயங்கும் ஒரு நாடு: செயின்ட் ஜார்ஜின் நிலைமை அதுதான். உண்மையான போரில் அந்தச் சௌகரியம் இருக்காது. மின்சாரம் போய்விடும், மருந்து லாரி வராது, பெருநகரத்திலிருந்து தீக்காயத்தோடு மக்கள் வந்து சேருவார்கள். எரியும் நகரங்களின் புகைக்கரி மேலே ஏறி வெயிலை மறைக்கும். இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவிலான நூறு குண்டுகளை வெடித்துக்கொண்டால் சுமார் 50 லட்சம் டன் கரி மேலே போகும் என்று ஆலன் ரோபோக், பிரையன் டூன் குழுவினர் 2007இல் கணினி மாதிரி போட்டுக் காட்டினார்கள். விளைச்சல் உலகெங்கும் பல ஆண்டு அடிபடும். அதற்கு எந்தச் சுவரும் உதவாது. சிற்றூர் கதிர்த்தூசில் பிழைக்கலாம். பிறகு பசியில் சாகலாம்.

ஆனாலும் முதல் இரண்டு நாளைக் கடக்காமல் பசியைப் பற்றி யோசிக்க முடியாது. 2022 ஜூலையில் நியூயார்க் நகராட்சி ஒரு சிறு காணொளி வெளியிட்டது. உள்ளே போங்கள், உள்ளேயே இருங்கள், செய்தியைக் கவனியுங்கள் என்று மூன்றே வரி. இதென்ன குழந்தைத்தனம் என்று கேலி செய்தார்கள். கேலி செய்ய ஒன்றுமில்லை. வெளிச்சத்தைப் பார்த்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கார் தகரத்தால் கதிர் நிற்காது, நெடுஞ்சாலை நெரிசலில் தூசுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கான்கிரீட் கட்டடம் ஒன்றின் நடு அறைக்குப் போங்கள். வெளியில் இருந்து வந்திருந்தால் மேலாடையைக் கழற்றிப் பையில் கட்டி எட்டத்தில் வையுங்கள், தலைக்குக் குளியுங்கள். தூசில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். மூடி வைத்த தண்ணீரும் டப்பாவில் அடைத்த உணவும் கெடாது. திறந்த வெளியில் மேய்ந்த மாட்டின் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சினாலும் அயோடின் போகாது. அயோடின் மாத்திரை தைராய்டை மட்டும் காக்கும், வேறெதையும் காக்காது. குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வெளியே வராதீர்கள்.

செயின்ட் ஜார்ஜ்காரர்களுக்குச் சொன்னது மூன்று மணி நேரம். குண்டு வெடித்தது ஐந்து மணிக்கு; அறிவிப்பு வந்தது ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து, தூசு வந்த பிறகு. பாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று காலை, சோதனையை நடத்திய அணுசக்தி ஆணையத்திடம் காற்றின் திசை பற்றிய தகவல் இருந்தது, தொலைபேசி இருந்தது. ஊர் மக்களுக்குப் பட்டதில் ஒரு பகுதிக்குக் காரணம் குண்டு. மீதிக்கு அந்த மௌனம்.